பெயர் கேட்ட சிறுவன்: சலீம் அலி

நுழையும் முன்

நாள்தோறும் காணும் பறவை ஒன்றின் பெயரை நாம் அறிந்திருக்கிறோமா? பத்து வயதில் எழுந்த அத்தகைய ஒரு வினாவிற்கு விடை தேடியே வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட ஒருவரின் வரலாறு இப்பாடம். இதனை வாய்விட்டு ஒருமுறை படித்த பின்னர்ப் பயிற்சிகளுக்குச் செல்க.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், அவற்றைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் மாணவச் செல்வங்களே, கோடைக்காலத்தில் என்றேனும் இருள் பிரியுமுன் விழித்ததுண்டா? அப்போது தென்னையின் உச்சியிலோ மின்கம்பத்தின் மேலோ அமர்ந்து, ஒருவர் நிதானமாகச் சீழ்க்கையடிப்பது போன்ற இனிய குரலில் பாடும் பறவை ஒன்றைக் கேட்டிருப்பீர்கள். விடிந்தபின் அதே பறவை கிணற்றடியிலும் வாழைத்தோப்பிலும் தத்தித் தத்தி நடந்து பூச்சி பொறுக்கும். உடலின் மேற்பகுதி பளபளக்கும் கருமை. வயிறு தூய வெண்மை. இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை. வாலை அவ்வப்போது செங்குத்தாக உயர்த்திக்கொள்ளும்.

பணிமாறுதல் பெற்று இவ்வூர்ப் பக்கம் வந்த முதல் ஆண்டில், இப்பறவையைச் சுட்டிக்காட்டி இதன் பெயர் என்னவென்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நான் குருவி என்று கூறினேன். அது குருவி என்பது தனக்கும் தெரியும் என்றும், எந்தக் குருவி என்பதே தன் கேள்வி என்றும் அவன் திருப்பிக் கேட்டான். முதுகலைத் தமிழ் பயின்ற எனக்கு விடை தெரியவில்லை. அருகில் நின்ற பள்ளிப் பணியாளர் மலையாளத்தில் மண்ணாத்திப்புள்ளு என்றார். தமிழில் அதற்குக் குண்டுக்கரிச்சான் என்று பெயர் உண்டு என்பதை நூலகத்தில் தேடி அறிந்து, இரண்டு நாள் கழித்தே அம்மாணவனிடம் கூற முடிந்தது.

இதே போன்ற ஒரு நிகழ்ச்சி நூறு ஆண்டுகளுக்கும் முன்னர்ப் பம்பாயில் நடந்தது. அங்கு வினாவைக் கேட்ட சிறுவன்தான் பின்னாளில் இந்தியப் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பட்ட சலீம் அலி.

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருதீன் தியாப்ஜியும் அவர்தம் மனைவி அமீதா பேகமும் பிள்ளைகளை எல்லாம் தம் இல்லத்தில் வைத்து வளர்த்தனர். மாமா வேட்டையில் தேர்ந்தவர். ஆகவே சிறுவன் சலீமின் கையிலும் விளையாட்டாக ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவி ஒன்று மற்றவற்றைப் போல் இல்லை. அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. இது என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறி அனுப்பிவிடாமல், தெரிந்தவரிடம் அனுப்பிவைத்ததுதான் அம்மனிதரின் பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது. 1883இல் தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இறந்த குருவியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, அச்சத்தோடு சிறுவன் அக்கழகத்தின் படியேறினான்.

மில்லார்டு அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று உடனே கூறினார். அத்தோடு நிற்கவில்லை, பதப்படுத்திய பறவைகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இத்தனை வகைப் பறவைகள் இந்நாட்டில் உள்ளன என்பதை அச்சிறுவன் அன்றுதான் அறிந்தான். பறவைகளைப் பற்றிய நூல்களை மில்லார்டு இரவல் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்தும் முறையைக் கற்கவும் வழிசெய்தார்.

இதன்பின் அவர் படிப்பில் முதல் மாணவராகத் திகழ்ந்தார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு நடக்கவில்லை. தலைவலியால் பள்ளிப்படிப்பு இடையில் தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேசன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் நிலைக்கவில்லை. பர்மாவில் குடும்பத்தார் நடத்திய சுரங்க, மர வணிகத்தைக் கவனிக்கச் சென்றார். அங்கும் காடுகளில் பறவைகளைப் பார்ப்பதிலேயே நாட்டம் சென்றது. 1917இல் பம்பாய் திரும்பி, வணிகப் படிப்போடு விலங்கியலும் பயின்றார். 1918இல் தெகமீனா என்னும் பெண்ணை மணந்தார். ஆயினும் பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் அவர் கைக்கு எட்டவேயில்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணியிடம் ஒன்று காலியானபோது, பட்டம் இல்லாத காரணத்தால் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வருவோருக்கு விளக்கம் கூறும் பணி கிடைத்தது. சில ஆண்டுகளில் விடுப்பெடுத்துக்கொண்டு செருமனியின் பெர்லின் நகருக்குச் சென்று, எர்வின் ஸ்ட்ரெசமான் என்னும் புகழ்பெற்ற பறவையியல் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1930இல் திரும்பியபோது அவருடைய பணியிடமே இல்லை. நிதிப் பற்றாக்குறையால் அதனை நீக்கிவிட்டிருந்தனர். வெளிநாடு சென்று கற்றுவந்தவர் வேலையின்றி நின்றார்.

நகரத்தில் வாழப் பொருள் போதாமையால் கணவனும் மனைவியும் பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. வேலையற்ற அவரிடம் நேரம் மிகுதியாக இருந்தது. மறைந்திருந்து நாள்தோறும் அவற்றை உற்றுநோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து உள்ளே புகுந்து பார்த்து, மனத்திற்குப் பிடித்தால் அதில் தங்குகிறது. அதன்பின்னரே ஆண் கூட்டை முடிக்கிறது. முடித்தவுடன் மற்றொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. காலங்காலமாக எல்லாரும் பார்த்துவந்த குருவியின் குடும்ப வாழ்வை இவ்வாறு முறையாகக் கண்டு எழுதியவர் அவர்தாம். இக்கட்டுரைதான் பறவையியல் உலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அக்காலத்தில் இந்தியாவின் பெரும்பகுதிகளில், எந்தப் பறவை எங்கு வாழ்கிறது என்னும் முறையான கணக்கு இல்லை. சுதேச அரசுகளிடம் சலீம் அலி ஒரு திட்டத்தை முன்வைத்தார். பயணத்திற்கும் முகாமிற்கும் ஆகும் செலவை மட்டும் அரசு ஏற்றால் போதும். தமக்கு ஊதியம் வேண்டா. முதலில் ஐதராபாத்து அரசு இசைந்தது. அடுத்துத் திருவிதாங்கூரும் கொச்சியும் இசைந்தன. 1933 சனவரியில் மறையூர்ச் சந்தனக் காடுகளில் அவருடைய திருவிதாங்கூர்ப் பயணம் தொடங்கிற்று.

அன்றைய திருவிதாங்கூர் எது தெரியுமா? சித்திரைத் திருநாள் மன்னர் ஆண்ட அந்நாடு, வடக்கே மூணாற்று மலைகள் முதல் தெற்கே கன்னியாகுமரி வரை ஒரே நாடாக இருந்தது. களியக்காவிளையில் சோதனைச்சாவடி இல்லை. பாறசாலை எல்லையூரும் அன்று. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்திற்கும், நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திற்கும் ஆயின. உங்கள் பாட்டனாருக்கும் முந்திய தலைமுறையினர் பாறசாலைக்கும் மார்த்தாண்டத்திற்கும் சென்று வந்தபோது ஒரு நாட்டிற்குள்ளேயே சென்று வந்தனர்.

அப்பயணத்தில் தெகமீனாவும் உடன் வந்தார். நகர வசதிகளிலும் ஆங்கிலக் கல்வியிலும் வளர்ந்த அப்பெண்மணி, கொசுவும் அட்டையும் நிறைந்த காட்டு முகாம்களை இல்லமாக மாற்றினார். வாகனம் செல்லாத இடங்களில் நடந்தே சென்றனர். பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் கண்ட பறவைச் செழிப்பைச் சலீம் அலி என்றும் மறக்கவில்லை. இங்குத் திரட்டிய செய்திகள் 1935 முதல் 1937 வரை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. அவற்றின் அடிப்படையில் 1953இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளியாயிற்று. 1969இல் அதுவே கேரளப் பறவைகள் என்னும் பெயரில் மறுபதிப்புப் பெற்றது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். கணக்கெடுப்பு என்றால் அன்று பறவைகளைச் சுட்டுத் தோல்களைச் சேகரிப்பதுமாகும். நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய, கையில் வைத்து அளந்து பார்ப்பதை விட வேறு வழி அக்காலத்தில் இல்லை. சலீம் அலி இதனை மூடிமறைத்தவர் அல்லர். பறவைகள் காக்கப்படவேண்டுமானால் முதலில் அவை எவை என்று தெரியவேண்டும் என்று கருதினார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது எனக்குச் சற்று நெருடலாகவே இருக்கும். உங்களுக்கும் இருந்தால் அதனை மறைக்கவேண்டா, வகுப்பில் பேசுங்கள். தூக்கணாங்குருவியின் வாழ்வை அவர் அறிந்தது துப்பாக்கியால் அன்று, பொறுமையால் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

சரி, பாடத்தின் தொடக்கத்தில் வந்த குண்டுக்கரிச்சானை அவ்வாறு பொறுமையாகப் பார்த்தால் என்ன தெரியும்? முதலில், ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இரா. ஆணின் உடலில் கருமை உள்ள இடங்களில் பெண்ணுக்குச் சாம்பல் நிறம் இருக்கும். உச்சியில் அமர்ந்து நெடுநேரம் பாடுவது பெரும்பாலும் ஆண். அது நம்மை மகிழ்விக்கப் பாடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், இந்தத் தோப்பு எனக்குரியது, வேறு ஆண்பறவை உள்ளே வரவேண்டா என்று அது எல்லை வகுக்கிறது. மனிதர்கள் வகுத்த எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. குரலால் வகுத்த எல்லையை மட்டும் அது காக்கும். அந்த எல்லைக்குள் மற்றோர் ஆண் நுழைந்தால் மார்பை நிமிர்த்திக்கொண்டு விரட்டும். இடையிடையே மற்றப் பறவைகளின் குரலையும் தன் பாட்டில் கலந்து பாடும்.

மரப்பொந்து, பட்டுப்போன தென்னையின் துளை, பழைய வெட்டுக்கல் மதிலின் இடுக்கு ஆகியவை அதன் கூடுகள். புல்லும் நாரும் வேர்களும் கொண்டு மெத்தை அமைத்து, பழுப்புப் புள்ளிகளோடு கூடிய இளநீல, இளம்பச்சை முட்டைகளை நான்கு அல்லது ஐந்து இடும். அடைகாப்பது பெண் மட்டுமே. இரண்டு வாரத்திற்குள் குஞ்சு பொரிக்கும். பின்னர் இரண்டும் இரை கொணரும். உணவு பெரும்பாலும் தரையில் கிடைக்கும் புழுபூச்சிகள். முள்முருங்கை பூக்கும்போது அதன் தேனையும் குடிக்கும். மாலையில் மற்றப் பறவைகள் அடங்கிய பிறகும், கண் மங்கும் நேரம் வரை இது இரை தேடித் திரிவதைக் காணலாம்.

இனப்பெருக்கக் காலம் முடிந்தால் பாட்டும் நின்றுவிடும். மழைக்காலத்தில் இப்பறவை ஊரை விட்டே போய்விட்டது என்று சிலர் கூறுவர். எங்கும் போவதில்லை. அதே தோப்பில், புதர்களுக்கு அடியில், கரகரத்த சிறு ஒலிகளோடு வாழ்ந்துகொண்டுதான் இருக்கும். பாட்டைக் கேட்டு மட்டுமே அதனை அறிந்தவர்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

கரிச்சான் என்றவுடன் இரட்டைவால் குருவியை நினைத்துவிடாதீர்கள். அது முழுக்கருமையும் பிளந்த வாலும் உடைய வேறு பறவை. இனி மலையாளப் பெயரைப் பாருங்கள். மண்ணாத்திப்புள்ளு என்பதில் உள்ள புள்ளு யாது? பறவையைக் குறிக்கும் புள் என்னும் பழந்தமிழ்ச் சொல்லே அது. சங்க இலக்கியத்திலும் திருப்பாவையிலும் வழங்கும் அச்சொல்லைத் தமிழர்கள் நாம் பேச்சில் விட்டுவிட்டோம். உங்கள் பக்கத்து வீட்டு அம்மச்சியின் பேச்சில் அது இன்றும் உயிரோடு உள்ளது. வங்கதேசத்தில் இதே பறவை தோயேல் எனப்படுகிறது. அந்நாட்டின் தேசியப் பறவையும் இதுவே. இதன் குரலுக்காகவே கூண்டில் அடைத்து விற்கும் வழக்கம் பரவியதால், சிங்கப்பூரில் ஒருகாலத்தில் தோட்டந்தோறும் பாடிய இப்பறவை ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இதனைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் குற்றமாகும்.

மீண்டும் சலீம் அலிக்கு வருவோம். 1939இல் தெகமீனா ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர்த் திடீரென்று காலமானார். காட்டிலும் கடற்கரையிலும் உடன் நடந்த துணை இருபது ஆண்டு வாழ்வோடு முடிந்துபோயிற்று. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பம்பாயில் தமக்கையின் இல்லத்தில் தங்கி, தம் பணியைத் தொடர்ந்தார். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் என்னும் ஆங்கில நூல் வெளிவந்தது. எளிய விளக்கமும் வண்ணப் படங்களும் கொண்ட அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பறவையியல் பயிலாத பொதுமக்கள் தங்கள் தோட்டத்துப் பறவைகளின் பெயர்களைக் கற்றனர். நம் குண்டுக்கரிச்சானும் அதில் உண்டு.

அவருக்கு மோட்டார் சைக்கிள் மீது தீராத காதல். 1950இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் நடந்த பன்னாட்டுப் பறவையியல் மாநாட்டிற்குத் தம் வண்டியைக் கப்பலில் ஏற்றிச்சென்று, ஐரோப்பியச் சாலைகளில் தாமே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 53. இந்தியாவிலிருந்தே வண்டி ஓட்டி வந்துவிட்டாரோ என்று அங்கிருந்தோர் வியந்தனராம்.

அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் இணைந்து இந்தியத் துணைக்கண்டத்தின் 1200க்கும் மேற்பட்ட பறவை இனங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வெளிவந்தது. கடைசித் தொகுதி வந்தபோது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கோடிக்கரைக்கு வரும் வலசைப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு ஆராயும் பணியிலும், அமைதிப் பள்ளத்தாக்கை அணையிலிருந்து காக்கும் முயற்சியிலும் அவர் பங்கு பெரிது. 1933இல் அவர் கண்டு வியந்த தட்டேக்காடு, அரை நூற்றாண்டு கழித்து 1983இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பட்டம் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கின. 1958இல் பத்மபூசண், 1976இல் பத்மவிபூசண் ஆகிய விருதுகள் வந்தன. 1985இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவ்வாண்டே தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள் தரும். தொண்டையில் மஞ்சள் திட்டுக் கொண்ட அந்தக் குருவியை எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் மறக்கவில்லை. 1987 சூன் 20 அன்று தம் 90ஆம் வயதில் பம்பாயில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் ஒன்று இயங்கிவருகிறது. விடுமுறையில் அப்பக்கம் உள்ள உறவினர் வீட்டிற்குச் செல்வோர் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சி

சொற்பொருள் அறிக: புள் – பறவை, வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல், அடைகாத்தல் – முட்டை பொரிக்குமாறு அதன்மேல் அமர்ந்து காத்தல், சுதேச அரசு – ஆங்கிலேயர் காலத்தில் மன்னர் ஆண்ட அரசு.

1. அமீருதீன் தியாப்ஜி தமக்கு விடை தெரியாதபோது என்ன செய்தார்?

2. வேலை இழந்த காலத்தில் சலீம் அலி கண்டறிந்தது யாது? ஐந்து தொடர்களில் எழுதுக.

3. குண்டுக்கரிச்சான் மழைக்காலத்தில் ஊரை விட்டுப் போய்விடுகிறது என்று சிலர் எண்ணக் காரணம் என்ன?

4. ஆய்விற்காகப் பறவைகளைச் சுட்டது சரியா? இருவர் இருவராக அமர்ந்து பேசி, உங்கள் கருத்தை எழுதுக. ஆசிரியரின் கருத்தோடு ஒத்துப்போகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

5. உங்கள் வீட்டருகே காணும் பறவைகளுள் மூன்றைத் தேர்ந்து, தமிழ்ப் பெயரை வீட்டிலும் மலையாளப் பெயரைப் பக்கத்து வீட்டிலும் கேட்டுக் குறித்து வருக. யாருக்கும் பெயர் தெரியாத பறவை இருப்பின், அதனைப் படமாக வரைந்து வகுப்பிற்குக் கொண்டுவருக, சேர்ந்து தேடுவோம்.